ஜப்பானியப் பேய்கள் பிடிக்கும், நவீன ஓவியம் புரியாது என்பவருக்கு

"ஜப்பானியப் பேய்க் கதைகளும் அனிமேயில் வரும் விசித்திர உருவங்களும் எனக்கு மிகவும் பிடிக்கும். அவற்றின் பின்னணியைச் சொல்ல முடியுமா? இன்னொன்று, நவீன ஓவியக் கண்காட்சிக்குப் போனால் எனக்கு எதுவும் பிடிபடுவதில்லை. அதை ரசிக்க எங்கிருந்து தொடங்குவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்குள்ளேயே இரண்டாவதற்கான வழியும் இருக்கிறது. ஜப்பானியரைப் பயமுறுத்திய உருவங்களில் பல, வாய்வழிக் கதைகளில் உடம்பே இல்லாமல் இருந்தவை. ஆற்றங்கரையில் கேட்ட ஒரு சத்தம், இருட்டில் கால் நகராமல் நின்றுபோன ஒரு கணம், ஆளில்லாத வீட்டில் யாரோ பார்ப்பது போன்ற கூச்சம், அவ்வளவுதான். அவற்றுக்குக் கண்ணும் வாயும் காலும் வைத்தவர்கள் ஓவியர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு உருவம் தேடுவது, அப்படி ஓர் உருவம் இயற்கையில் உண்டா என்று கவலைப்படாமல் இருப்பது: நவீன ஓவியர் செய்வதும் இந்த வேலையைத்தான். பேய்ப் படத்தை ரசிக்கிற ஒருவருக்கு நவீன ஓவியம் பார்க்கும் கண் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஜப்பானிய மரபில் யூரெய், யோகாய் என்று இரண்டு வகை உண்டு. யூரெய் என்பது செத்தவரின் ஆவி. அதற்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு கதை இருக்கும், தீராத ஒரு வஞ்சம் இருக்கும். யோகாய் வேறு. அது மனிதராகப் பிறந்து செத்ததாக இருக்க வேண்டியதில்லை. விலங்காக இருக்கலாம், பழைய குடையாக இருக்கலாம், ஒரு மலைப்பாதையின் குணமாகக்கூட இருக்கலாம். ஜப்பானிய நாட்டாரியலின் முன்னோடியான யானாகிதா குனியோ (1875–1962) இதைத் தெளிவாகப் பிரித்தார். யூரெய் தனக்கு வேண்டிய ஆளைத் தேடி எங்கும் வரும், நடுநிசிதான் அதற்கு நேரம். யோகாய் தன் இடத்தை விட்டு நகராது, அந்தப் பக்கம் போகிற யாரையும் பிடிக்கும், அந்தி மயங்கும் நேரத்தில் தென்படும். இந்தப் பிரிவுக்குள் அடங்காத கதைகள் நிறைய உண்டு என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் புதிதாக நுழைபவருக்கு நல்ல கைப்பிடி.

யோகாய்களில் எல்லோருக்கும் தெரிந்தது கப்பா. ஆறு, குளம், வாய்க்காலில் வாழும். சிறு பிள்ளை உயரம், முதுகில் ஓடு, உச்சந்தலையில் தண்ணீர் நிற்கும் ஒரு குழி. அந்தத் தண்ணீர் கொட்டிவிட்டால் பலம் போய்விடும். கப்பா மரியாதை தெரிந்தது, நீங்கள் குனிந்து வணங்கினால் அதுவும் பதிலுக்குக் குனியும், தண்ணீர் சிந்திவிடும், நீங்கள் பிழைத்தீர்கள். வெள்ளரிக்காய் என்றால் அதற்கு உயிர், சுமோ மல்யுத்தமும் பிடிக்கும். இன்று பொம்மையாகவும் விளம்பரச் சின்னமாகவும் மாறிவிட்ட இந்த உருவத்தின் ஆரம்பம் அத்தனை இனிமையானது அல்ல. குதிரையை ஆற்றுக்குள் இழுக்கும், குளிக்கப்போன பிள்ளையை அமுக்கும், பின்புறம் வழியாக ஷிரிகோதாமா என்றொரு உருண்டையை உருவி உயிரை எடுக்கும். மூழ்கி இறந்த குழந்தைகளை நினைத்து ஒரு சமூகம் செய்துகொண்ட உருவம் இது. இன்றும் ஜப்பானில் ஆழமான குளக்கரைகளில் கப்பா படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகளைப் பார்க்கலாம்.

கொம்பும் இரும்புத் தடியுமாக வரும் ஓனி, நீண்ட மூக்கோடு மலையில் திரியும் தெங்கு, பனிப்புயலில் வந்து மூச்சால் உறையவைக்கும் யூகி-ஒன்னா, இரவில் கழுத்து நீண்டு வீட்டைச் சுற்றும் ரொக்குரொக்குபி ஆகியோரை அனிமே பார்ப்பவர்கள் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள். எனக்கு இவர்களைவிட முக்கியமாகப் படுவது உருவமில்லாத கூட்டம்தான்.

அசுகி-அராய் என்று ஒன்று. இரவில் ஓடைக்கரையில் யாரோ சிவப்புப் பயறு கழுவுவது போல 'சரசர' என்று சத்தம் கேட்கும். கிட்டப் போனால் ஆள் இருக்காது. அந்தச் சத்தம்தான் யோகாய். நாரா பகுதியில் பெத்தோபெத்தோ-சான் என்று ஒன்று. இருட்டில் தனியாக நடக்கும்போது பின்னால் காலடி கேட்கும், திரும்பினால் யாருமில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று, "பெத்தோபெத்தோ-சான், நீங்கள் முன்னே போங்கள்" என்று மரியாதையாகச் சொன்னால் காலடி உங்களைக் கடந்து போய்விடும். வட கியூஷுவின் கடற்கரையில் நூரிகாபே. இரவில் நடந்துகொண்டே இருக்கும்போது எதிரில் சுவர் எழும்பியது போல ஆகிவிடும், ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. ஒரு குச்சியால் கீழ்ப்பக்கம் தட்டினால் மறையும், மேல்பக்கம் தட்டினால் பயனில்லை. 1930-களின் இறுதியில் யானாகிதா இப்படிப்பட்ட பெயர்களைத் தொகுத்து ஒரு பட்டியலாக வெளியிட்டார். அதில் படங்கள் கிடையாது. அனுபவம் மட்டும் இரண்டு மூன்று வரிகளில் இருக்கும்.

இந்த இடத்தில் மிசுகி ஷிகெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1922-இல் பிறந்தவர், தொத்தோரி மாகாணத்தின் சகாய்மினாத்தோ என்ற துறைமுக ஊரில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் நியூ கினி அருகிலுள்ள ரபாவுலுக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். திரும்பி வந்து மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகள் வரைந்தார். 'கெகெகெ நோ கிதாரோ' தொடர் 1960-களில் அவரை நாடறிந்த ஓவியராக்கியது. யானாகிதாவின் இரண்டு வரிக் குறிப்புகளை எடுத்து, நூரிகாபேவுக்குக் குட்டைக் காலும் தூங்குமூஞ்சிக் கண்ணும் வைத்து ஒரு பெரிய நடக்கும் சுவராக்கினார். பெத்தோபெத்தோ-சானை வெறும் உருண்டை, இரண்டு கால், ஒரு பெரிய சிரிப்பு என்று முடித்துவிட்டார். காலடிச் சத்தத்துக்கு எதற்குக் கண்? கால் போதும். பார்க்க எவ்வளவு எளிமை, யோசித்தால் எவ்வளவு சரி! இன்று ஜப்பானியக் குழந்தைகளுக்கு நூரிகாபே என்றால் மிசுகி வரைந்த சுவர்தான். 2007-இல் இன்னொரு விஷயம் வெளிவந்தது. 1802-ஐச் சேர்ந்த ஒரு சுருள் ஓவியத்தில் நூரிகாபே என்ற பெயரோடு மூன்று கண் கொண்ட ஒரு வெள்ளை மிருகம் இருப்பது கவனிக்கப்பட்டது. ஒரே பெயர், இரண்டு ஓவியர்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு உடம்புகள். எது சரி என்று கேட்க முடியாது. எந்தப் படம் அந்த அனுபவத்தை உங்களுக்குள் கொண்டுவருகிறது என்று மட்டுமே கேட்கலாம். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிசுகி செய்தது புதிய வழக்கம் அல்ல. கியோத்தோவில் தைத்தோகுஜி வளாகத்தின் ஷின்ஜு-ஆன் கோயிலுக்குச் சொந்தமான ஒரு சுருள் ஓவியம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரவில் ஊர்வலம் போகும் பேய்க் கூட்டத்தை அதில் காணலாம். உற்றுப் பார்த்தால் கூட்டத்தில் பலர் வீட்டுச் சாமான்கள். இசைக்கருவிகளுக்குக் கால் முளைத்திருக்கிறது, பானைக்கு உடம்பு வந்திருக்கிறது. நூறு வருடம் பழசான பொருளுக்கு உயிர் வந்துவிடும், தூக்கியெறிந்த மனிதர்கள் மேல் அதற்குக் கோபம் இருக்கும் என்ற நம்பிக்கை. சுகுமோகாமி என்று பெயர். சுருளின் கடைசியில் ஒரு பெரிய சிவப்பு உருண்டை தோன்றுகிறது, கூட்டம் சிதறி ஓடுகிறது.

அப்புறம் 1776. தொரியாமா செகியென் என்ற ஓவியர் பக்கத்துக்கு ஒரு யோகாய் என்று பெயரோடு வரிசைப்படுத்தி மரக்கட்டை அச்சில் ஒரு புத்தகம் போட்டார். அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் கலைக்களஞ்சியங்கள் வந்துகொண்டிருந்தன. அதே அமைப்பில் பேய்களுக்கு ஒன்று. நன்றாக விற்றது. 1784 வரை மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. நாட்டார் மரபில் கிடைத்தவை முதல் புத்தகத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று போலிருக்கிறது, அதன்பின் அவர் சொந்தமாகவே யோகாய்களைப் படைக்க ஆரம்பித்தார். பாழடைந்த வீட்டின் கிழிந்த காகிதத் தடுப்பில் கட்டத்துக்குக் கட்டம் கண்கள் விழித்துப் பார்க்கும் மொகுமொகுரென் அப்படி வந்தது. கோடும் கட்டமும் கண்ணும் மட்டும்தான் படத்தில். அதைப் பார்க்கும்போது இன்றைய ஒரு கலைக்கூடத்துச் சுவரில் தொங்கினாலும் பொருந்தும் என்று தோன்றும். செகியென் தன் மேசையில் உருவாக்கிய பல உருவங்கள் பின்னாளில் 'பழங்கால நாட்டார் நம்பிக்கை' என்று புத்தகங்களில் ஏறிவிட்டன. சிலர் இதை மோசடி போலச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாட்டின் மொத்தக் கற்பனைக்குள் ஓர் ஓவியரின் கை இவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பது பெரிய விஷயம்.

இந்தப் படங்களுக்கு இவ்வளவு வாசகர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு, ஷோகன் என்ற படைத்தலைவர்கள் எதோ நகரிலிருந்து (இன்றைய தோக்கியோ) நாட்டை ஆண்ட 'எதோ காலத்து' (1603–1868) நகர வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே 'நூறு கதை' என்றொரு கூடல் வழக்கம் பரவியது. ராத்திரி கூடி உட்கார்ந்து, நீலக் காகிதம் ஒட்டிய விளக்கில் நூறு திரி ஏற்றி, ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வார்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு திரி அணையும். நூறாவது அணைந்து இருட்டானதும் நிஜமாகவே ஏதோ வரும் என்று நம்பிக்கை, அதனால் தொண்ணூற்று ஒன்பதோடு நிறுத்திக்கொள்வார்களாம்.

புகழ்பெற்ற மரக்கட்டை அச்சு ஓவியர் ஹொகுசாய் அந்த 'நூறு கதை' என்ற தலைப்பிலேயே 1831 வாக்கில் ஒரு வரிசை தொடங்கினார். அவருடைய ஃபுஜி மலை வரிசையும் அதிலுள்ள 'பெரிய அலை' படமும் வந்த அதே காலம், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்து படங்கள் மட்டுமே. ஐந்தையும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவன். ஓஇவாவின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனின் துரோகத்தால் விஷத்துக்கு முகம் சிதைந்து செத்த பெண், 1825-இல் கபுகி என்ற மரபு நாடக மேடைக்கு வந்த 'யோத்சுயா' நாடகத்தின் நாயகி. ஹொகுசாய் அவளைப் பெண்ணாகவே வரையவில்லை. கோயில்களில் தொங்கும் காகித விளக்கு ஒன்று, அதுவே அவள் தலை. விளக்கின் மூங்கில் வளையங்கள் நெற்றிச் சுருக்கமாகின்றன, காகிதம் கிழிந்த இடம் வாயாகிறது, மேலே இருந்து முடி வழிகிறது. கண்கள் நம்மைப் பார்க்காமல் கீழே எங்கோ பார்க்கின்றன. விளக்கு எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. பயத்தைவிட ஒரு பரிதாபம்தான் முதலில் வருகிறது.

அதே வரிசையில் ஓகிகு. எஜமானரின் பத்துத் தட்டுகளில் ஒன்று காணாமல் போய், கிணற்றில் உயிர்விட்ட பணிப்பெண். இரவில் கிணற்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணுவாள் என்பது கதை. ஹொகுசாய் தட்டுகளையே அவள் கழுத்தாக அடுக்கிவிட்டார். கிணற்றிலிருந்து தட்டு மேல் தட்டாக ஒரு பாம்பு போல எழுகிறாள், வாயிலிருந்து மூச்சு புகையாகப் போகிறது. கதை முழுவதும் ஒரே உருவத்துக்குள் வந்துவிட்டது. பொருளையும் மனிதரையும் உணர்ச்சியையும் ஒன்றோடொன்று உருக்கி, இயற்கையில் இல்லாத ஒரு மூன்றாவது வடிவத்தை எடுப்பது என்பதைத்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஐரோப்பாவில் மிகையதார்த்த (சர்ரியலிச) ஓவியர்கள் ஒரு இயக்கமாகவே செய்தார்கள்.

யூரெய்க்குக் கால் கிடையாது என்ற வழக்கத்தையும் ஓவியர்தான் நிலைநிறுத்தினார். கியோத்தோவின் மாருயாமா ஓக்கியோ (1733–1795) வரைந்த பெண் ஆவிகளின் உடம்பு இடுப்புக்குக் கீழே மெல்ல மெல்ல வெறும் பட்டுத் துணியாகிவிடும். அவர்தான் முதலில் செய்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். அவருக்கு முன்பும் காலில்லாத பேய்ப் படம் உண்டு, ஆனால் எல்லோர் மனதிலும் பதித்தது ஓக்கியோவின் தூரிகை.

இனி குனியோஷி. உதாகவா குனியோஷி (1798–1861) வரைந்த எலும்புக்கூட்டை நீங்கள் எங்காவது ஒரு டி-ஷர்ட்டிலாவது பார்த்திருப்பீர்கள். 1844 வாக்கில் வந்த மூன்று தாள் படம். கலகக்காரன் தைரா நோ மசகாதோவின் மகள் தகியாஷா, பாழடைந்த அரண்மனையில் சுருளை விரித்து மந்திரம் சொல்கிறாள். கறுப்பு இருட்டிலிருந்து ஒரு பிரம்மாண்டமான எலும்புக்கூடு மூங்கில் திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. மூலக் கதையில் நிறைய எலும்புக்கூடுகள் கூட்டமாகச் சண்டை போடும். குனியோஷி அத்தனையையும் ஒன்றாக்கி, ஒரே ஒரு பூதாகார எலும்புக்கூடாக மாற்றினார். எலும்புகள் உடற்கூறுப்படி சரியாக இருப்பதால் மேற்கத்திய மருத்துவ நூல்களின் படங்களைப் பார்த்திருப்பார் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மூன்று தாளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எலும்புக்கூடு நடுத் தாளையும் வலது தாளையும் நிறைக்கிறது, மனிதர்கள் அதன் கைக்குக் கீழே சிறுத்துவிடுகிறார்கள். இந்தப் படம் பின்னாளில் ஒரு புது யோகாயையே பெற்றது. பட்டினியால் செத்தவர்களின் எலும்புகள் சேர்ந்து உருவாகும் காஷாதொகுரோ என்பதை இன்று எல்லோரும் பழைய நம்பிக்கை என்று நினைக்கிறார்கள். அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பேய்களைப் பற்றிய வெகுஜன நூல்களில் பிறந்தது. அதற்கு முகம் கொடுத்தது குனியோஷியின் எலும்புக்கூடு.

அவருடைய இன்னொரு மூன்று தாள் படத்துக்காக எதோ நகரமே கொந்தளித்தது. 1843. வீரன் யோரிமித்சு நோயில் படுத்திருக்கிறான், காவலர்கள் 'கோ' என்ற பலகை விளையாட்டு ஆடிக்கொண்டு அசட்டையாக இருக்கிறார்கள், பின்னால் மண்சிலந்திப் பேயும் நூற்றுக்கணக்கான யோகாய்களும் திரண்டு வருகின்றன. அப்போது மிசுனோ தாதாகுனி என்ற அமைச்சர் கெடுபிடியான சீர்திருத்தங்களை நடத்திக்கொண்டிருந்தார். நடிகர்களின் படங்களை அச்சிடவே தடை. மக்கள் இந்தப் படத்தைப் பார்த்ததும் படுத்திருப்பவர் ஷோகன் என்றும், காவலர்களில் ஒருவர் மிசுனோ என்றும், பின்னால் வரும் பேய்கள் வாழ்க்கை கெட்டுப்போன பொதுமக்கள் என்றும் படித்துவிட்டார்கள். எந்தப் பேய் எந்தத் தொழில்காரர் என்று புதிர் போல அவிழ்த்துக்கொண்டார்கள். பதிப்பாளர் பயந்துபோய்ப் படங்களைத் திரும்பப் பெற்று, அச்சுக் கட்டைகளையும் இழைத்து அழித்தார். பேய் என்றால் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

குனியோஷியின் மாணவர் யோஷிதோஷி 1889 முதல் 1892 வரை வரைந்த முப்பத்தாறு பேய்களில் பேயைவிட, பேயைக் காண்பவரின் முகமே முக்கியம். சிறு வயதில் குனியோஷியிடம் கொஞ்ச காலம் கற்ற கவானாபே கியோசாய் (1831–1889) வேறு மாதிரி. 1880-இல் ஷின்தோமி-சா நாடக அரங்குக்காக, சுமார் 17 மீட்டர் நீளமும் 4 மீட்டர் உயரமுமான ஒரு திரையை நாலு மணி நேரத்தில் தீட்டினார். அன்றைய புகழ்பெற்ற கபுகி நடிகர்கள் எல்லோரும் அதில் யோகாய்களாகப் பாய்ந்து வருகிறார்கள். உடம்பு முழுவதையும் வீசி வரைந்தால் மட்டுமே வரும் கோடுகள் அவை. அமெரிக்க ஓவியர்கள் கான்வாஸைத் தரையில் விரித்து வரைந்ததை நவீனத்தின் உச்சம் என்று பாடப்புத்தகம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் திரை நினைவுக்கு வரும்.

ஜப்பான் வேகமாக நவீனமான அதே மெய்ஜி காலத்தில் (1868–1912) பேய்களுக்குக் கெட்ட நேரமும் வந்தது. இனோயுவே என்ரியோ (1858–1919) என்ற தத்துவவாதி 'யோகாய் இயல்' என்றே ஒரு துறை நிறுவி, மூடநம்பிக்கையை அகற்ற ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஓவிய உலகிலும் குனியோஷி, கியோசாய் போன்றவர்கள் கண்ணியமான கலை வரலாற்றிலிருந்து ஓரங்கட்டப்பட்டார்கள். அந்த நிலைமையைத் திருப்பிப் போட்டது 1970-இல் கலை வரலாற்றாசிரியர் சுஜி நோபுவோ எழுதிய ஒரு நூல். இவாசா மதாபெய், கானோ சான்செத்சு, இத்தோ ஜாகுச்சூ, சோகா ஷோஹாகு, நாகாசாவா ரோசெத்சு, குனியோஷி என்று ஆறு விசித்திர ஓவியர்களை ஒரே பரம்பரையாக நிறுத்தி, ஜப்பானியக் கலையின் உயிர்த்துடிப்பு இவர்களிடம்தான் இருக்கிறது என்று வாதிட்டார். முராகாமி தகாஷியைப் போன்ற இன்றைய ஓவியர்கள் தங்கள் வேரை அங்கேதான் காட்டுகிறார்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு உதவிய கத்தாருக்கு நன்றியாக 2012-இல் முராகாமி தோஹாவில் வைத்த 'ஐந்நூறு அர்ஹத்துகள்' 100 மீட்டர் நீளம். புத்தரின் சீடர்களோடு விசித்திர மிருகங்களும் அதில் நெருக்கியடித்து நிற்கும்.

சரி, இப்போது நவீன ஓவியத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். தோக்கியோவின் ஷிபுயா நிலையத்தில் ஒரு ரயில் பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நடைவழியில், 30 மீட்டர் அகலமும் 5.5 மீட்டர் உயரமுமான ஒரு சுவரோவியம் இருக்கிறது. ஒகாமொட்டோ தாரோ (1911–1996) வரைந்த 'நாளைய புராணம்'. 1968–69-இல் மெக்சிகோ நகரத்து ஹோட்டல் ஒன்றுக்காகச் செய்தது. ஹோட்டல் திட்டம் நின்றுபோக, ஓவியமும் காணாமல் போயிற்று. 2003-இல் கண்டெடுத்து, பழுது பார்த்து, 2008-இல் ஷிபுயாவில் வைத்தார்கள்.

தலைப்பையும் விளக்கப் பலகையையும் முதலில் படிக்காதீர்கள். தள்ளி நின்று, கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். நடுவில் ஒரு வெள்ளை எலும்புக்கூடு. அதன் எலும்புகள் எல்லாத் திசையிலும் வெடித்துப் பாய்கின்றன, சுற்றிலும் சிவப்பு நெருப்பு. குனியோஷியின் எலும்புக்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது எலும்பு எலும்பாகச் சரியாக இருந்தது, இருட்டிலிருந்து மெதுவாக வந்தது, அதன் பயம் வரப்போகிறதே என்ற பயம். தாரோவின் எலும்புக்கூட்டில் எந்த எலும்பும் உடற்கூறுப்படி இல்லை. அது எரிந்துகொண்டே சிரிப்பது போலவும் இருக்கிறது. இது நடந்துகொண்டிருக்கும் பயம். இந்த வேறுபாட்டை உணர்ந்துவிட்டால், "ஏன் ஒழுங்காக வரையவில்லை?" என்ற கேள்வி தானாகவே விழுந்துவிடும், முன்பு பத்திரப்படுத்தச் சொன்ன கேள்வி மட்டும் மிஞ்சும். ஒழுங்காக வரைந்திருந்தால் வெடிப்பு நின்றிருக்கும்.

இனி பக்கத்தில் போய் ஓரங்களைப் பாருங்கள். அணுகுண்டு வெடிக்கும் கணத்தை வரைந்திருக்கிறார் என்பது விளக்கத்தில் தெரியவரும். கீழே ஒரு சிறு படகு இருக்கும். 1954-இல் பிகினித் தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் விழுந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு அது. அந்தத் தகவல் தெரிந்த பிறகு மறுபடி நடுவில் பாருங்கள், எலும்புக்கூடு வேறாகத் தெரியும். உணர்ச்சி முதலில், தகவல் பிறகு, அப்புறம் மீண்டும் படம் என்ற இந்த வரிசையை எந்தக் கண்காட்சியிலும் முயன்று பார்க்கலாம்.

தாரோவை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இளமையில் பத்தாண்டு பாரிஸில் இருந்தார், அரூப ஓவியர்களோடு பழகினார், மார்செல் மோஸிடம் மானுடவியல் படித்தார். ஊர் திரும்பியவர் 1951-இல் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஜோமோன் என்ற வரலாற்றுக்கு முந்தைய காலத்து மண்பாண்டங்களைப் பார்த்து அதிர்ந்துபோனார். தீ நாக்குகள் போலச் சுழன்று எழும் விளிம்புகள். மறு வருடமே அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், அதுவரை தொல்லியல் பொருளாக இருந்த மண்பாண்டத்தை ஜப்பான் கலையாகப் பார்க்க ஆரம்பித்தது. 1957-இல் கேமராவோடு அகிதா பக்கம் ஓகா தீபகற்பத்துக்குப் போய் நாமாஹாகேயைப் படமெடுத்தார். வருடக் கடைசி இரவில் பூத முகமூடியும் வைக்கோல் ஆடையும் போட்ட ஆண்கள் வீடு வீடாக நுழைந்து, "அழுகிற பிள்ளை இருக்கிறதா? சோம்பேறி இருக்கிறானா?" என்று கத்துவார்கள். குழந்தைகள் அலறும், வீட்டுப் பெரியவர் கள்ளும் உணவும் கொடுத்து மரியாதையாக வழியனுப்புவார். பயமுறுத்த வருவது தெய்வம். 2018-இல் இந்த வகைச் சடங்குகளை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாரோ எடுத்த படங்களில் முகமூடிகள் கறுப்பு வெள்ளையில் உறுமுகின்றன. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் 'முன்னேற்றமும் இணக்கமும்' என்ற முழக்கத்துக்கு நடுவே அவர் கூரையைத் துளைத்துக்கொண்டு நிறுத்திய 70 மீட்டர் சூரியக் கோபுரத்தின் முகங்களைப் பார்த்தால், ஓகாவின் முகமூடிகளுக்கு அவை உறவுக்காரர்கள் என்று எனக்குப் படுகிறது. கலை அழகாக இருக்கக் கூடாது, சாமர்த்தியமாக இருக்கக் கூடாது, சுகமாக இருக்கக் கூடாது என்று 1954-இல் அவர் எழுதினார். யோகாய் ஓவியத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் யாரும் எழுதியதில்லை.

இன்று வரைபவர்களில் மட்சுயி ஃபுயுகோவைப் பாருங்கள். 1974-இல் பிறந்தவர். பட்டுத் துணியில் கனிம நிறங்களால் வரையும் பழைய ஜப்பானிய முறையை அப்படியே பின்பற்றுகிறார். பிணம் அழுகும் ஒன்பது நிலைகளைக் காட்டும் பழைய பௌத்தப் படங்கள் அவருக்கு ஓர் ஊற்று. 2004-இல் அவர் வரைந்த ஒரு பெண் பூக்களுக்கிடையே வயிறு திறந்து கிடக்கிறாள், முகத்தில் வேதனைக்குப் பதில் ஒரு தீர்மானம். இன்னொரு படத்தில் தொங்கும் விஸ்டீரியா பூக்கொத்துகளின் நுனிகள், கிட்டப் போய்ப் பார்த்தால் குளவிக் கூட்டம். ஓக்கியோவின் மென்மையான தூரிகை எப்படிப் பயமுறுத்தும் என்பது இவரிடம் பளிச்சென்று தெரிகிறது. கொஞ்சம் மனத்திடம் வேண்டும், குழந்தைகளோடு பார்க்க வேண்டிய படங்கள் அல்ல.

ஓவியமே முழு விஷயமாகிவிட்ட ஒரு யோகாயும் உண்டு. அமாபியே. 1846-இல் ஹிகோ நாட்டில், அதாவது இன்றைய குமாமோத்தோவில், கடல் இரவில் ஒளிர்ந்ததாகவும் பார்க்கப்போன அதிகாரியிடம் நீண்ட முடியும் அலகும் செதிலும் கொண்ட ஓர் உருவம் பேசியதாகவும் ஒரு செய்தித்தாள் அச்சிடப்பட்டது. ஆறு வருடம் விளைச்சல் நன்றாக இருக்கும், ஆனால் நோயும் பரவும், என் உருவத்தை வரைந்து மக்களுக்குக் காட்டு என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. அந்தத் தாளின் ஒரு பிரதி கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பிள்ளை கிறுக்கியது போன்ற படம்தான். 2020-இல் கொரோனா வந்தபோது ஜப்பானில் ஆயிரக்கணக்கானோர் அதை மறுபடி வரைந்து இணையத்தில் போட்டார்கள், சுகாதார அமைச்சகமே தன் விழிப்புணர்வுப் படத்தில் அதைப் பயன்படுத்தியது. தொழில்முறை ஓவியர்களும் வரைந்தார்கள், தூரிகையே பிடிக்காதவர்களும் வரைந்தார்கள். நீங்களும் ஒன்று வரைந்து பாருங்கள். உருவமில்லாத பயத்துக்கு ஒரு கண்ணை எந்த இடத்தில் வைப்பது என்று பென்சிலோடு யோசிக்கும்போது, ஓவியர் என்ன பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறார் என்பது எந்தப் புத்தகத்தையும்விட வேகமாகப் புரியும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். செகியென், ஹொகுசாய், குனியோஷி மூவரின் படங்களையும் பெரிய அருங்காட்சியகங்கள் இணையத்தில் நல்ல தெளிவோடு இலவசமாக வைத்திருக்கின்றன. ஹொகுசாயின் ஐந்து படங்களில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அடுத்து குனியோஷியின் எலும்புக்கூடு, அதற்குப் பக்கத்திலேயே தாரோவின் எலும்புக்கூடு. ஜப்பானுக்குப் போக வாய்த்தால், ஆகஸ்ட் மாதமாகப் பார்த்துப் போங்கள். தோக்கியோவின் யானாகா பகுதியில் சென்ஷோ-ஆன் என்ற கோயில், 19ஆம் நூற்றாண்டுக் கதைசொல்லி சான்யூதெய் என்ச்சோ சேர்த்து வைத்த சுமார் ஐம்பது யூரெய்ச் சுருள்களை அந்த மாதத்தில் பார்வைக்கு வைக்கும். ஓக்கியோ வரைந்ததாகச் சொல்லப்படும் காலில்லாத பெண்ணும் அவற்றில் ஒருத்தி. ஹிரோஷிமா மாகாணத்தின் மியோஷியில் 2019-இல் திறந்த யோகாய் அருங்காட்சியகம் ஒரு முழு நாளுக்குத் தாங்கும். ஷிபுயா சுவரோவியத்துக்கு நுழைவுச்சீட்டே கிடையாது. ஆனால் காலை நெரிசலில் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்க விடமாட்டார்கள், மதியம் போங்கள்.